அட்டை, கத்தரிக்கோல், கொஞ்சம் பசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில், "டிசைன் பேப்பரை வைத்து வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதி அலமாரிகளில் மடித்துவைத்த கிஃப்ட் பேப்பர்தான் இருக்கிறது போலிருக்கிறது. (பரிசைப் பிரிக்கும்போதே "கிழிக்காமப் பிரிடி" என்று அம்மா அதட்டுவாரே, அந்தப் பேப்பர்தான்.) ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆசிரியர் தினத்துக்குப் பன்னிரண்டு டீச்சர்களுக்கும் கையால் செய்த அட்டைதான் கொடுப்பேன் என்று அடம். இரண்டே நாள் இருக்கிறது. எனக்குக் கோலம் தவிர எதுவும் வரைய வராது. என்ன செய்யட்டும்?
– வாசகி, கும்பகோணம்

வரைய வராதது நல்லதாகப் போயிற்று. வரையத் தெரிந்தவர்கள்தான் இதில் கெடுத்துக்கொள்வார்கள். அந்தப் பேப்பரில் பூவையும் கொடியையும் யாரோ ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்து வரைந்து, நிறம் பார்த்து, அச்சடித்தும் கொடுத்துவிட்டார். நமக்கு மிச்சம் இருப்பது நேராக வெட்டுவது, நேராக ஒட்டுவது, அதற்கு மேல் கையை வைக்காமல் இருப்பது. மூன்றாவதுதான் கஷ்டம்.

கடையில் ஏ4 அளவில் கொஞ்சம் கனமான வெள்ளைத் தாள், 200 முதல் 250 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) வரை, ஆறு வாங்குங்கள். ஜெராக்ஸ் தாள் 70, 80தான் வரும், அது நிற்காது, துவண்டுவிடும். ஒவ்வொரு தாளையும் குறுக்கே பாதியாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் கிட்டத்தட்ட 10.5க்கு 14.8 செ.மீ. அளவில் பன்னிரண்டு அட்டை தயார். இப்போது கிஃப்ட் பேப்பரில் 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் பட்டைகள் வெட்டுங்கள். 50க்கு 70 செ.மீ. பேப்பர் ஒன்றிலேயே நாற்பது பட்டை வரும், அதனால் பயப்படாமல் வெட்டலாம், நாலு வீணானாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது.

பட்டையை அட்டையின் நட்டநடுவில் ஒட்டாதீர்கள். மடிப்பிலிருந்து ஒன்றரை செ.மீ. விட்டு, மேலிருந்து கீழ் வரை ஒட்டுங்கள். வலப்பக்கம் நாலு செ.மீ. வெறுமையாக நிற்கும். புடவையின் உடல் வெறுமையாக இருந்தால்தானே பார்டர் எடுப்பாகத் தெரியும், அதே கதைதான். பட்டையின் வலது ஓரத்தில் தங்க நிறத்திலோ கறுப்பிலோ அரை செ.மீ. அகலத்துக்கு ஒரு சின்ன இழை ஒட்டினால் வெட்டிய ஓரம் மறைந்துவிடும், ஜரிகை வைத்த மாதிரியும் இருக்கும். மேலும் கீழும் பட்டை ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள், ஒட்டிக் காய்ந்த பிறகு அட்டையோடு சேர்த்து வெட்டினால் ஒரே ஓரமாக வரும். முதலிலேயே சரியாக வெட்டி ஒட்டப் பார்த்தால் எப்படியும் கோணும்.

கத்தரிக்கோலை விட கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் நல்லது. கீழே போட்டுக்கொள்ளப் போன வருட தினசரி காலண்டரின் அட்டை இருக்கிறதே, அதைவிட நல்ல பலகை கிடையாது. கட்டர் உங்கள் கையில், பசை மகள் கையில். ஒரு அட்டையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள், பன்னிரண்டையும் வெட்டி, பன்னிரண்டையும் மடித்து, பன்னிரண்டிலும் பட்டை ஒட்டி என்று போனால் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

ஒன்று மட்டும். பேப்பரில் யானையோ மயிலோ இருந்தால் தலை எந்தப் பக்கம் என்று ஒட்டுவதற்கு முன்னால் பாருங்கள். தலைகீழ் மயில்களோடு ஒரு அட்டையை நான் ஒரு கல்யாணத்துக்கே கொடுத்திருக்கிறேன், மாப்பிள்ளை இன்னும் விசாரிக்கிறார்.

மடிக்கும்போது மடிப்பு வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது. விலை கூடின கலர் அட்டை வாங்கியும் அதே கதை. என் கையில்தான் கோளாறா?
– வாசகர், திருச்சி

கையில் இல்லை, தாளின் நாரில் இருக்கிறது. இயந்திரத்தில் தாள் ஓடும்போது அதிலுள்ள நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அச்சகத்தில் இதை கிரெய்ன் என்பார்கள். நார் ஓடும் திசையிலேயே மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு போகும், குறுக்கே மடித்தால் நார் முறியும், மேலே பூசிய நிறம் விரிசல் விடும். மூங்கில் பிளக்கிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? தாளை மடிக்காமல், இரண்டு ஓரத்தையும் பிடித்து உள்ளங்கையால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். பிறகு தாளைத் திருப்பி அடுத்த பக்கமாக வளையுங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அந்த வளைவுக் கோடு ஓடும் திசைதான் நார். ஏ4 தாள்களில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதனால்தான் ஒரு முழு ஏ4ஐ அப்படியே பாதியாக மடித்துப் பெரிய அட்டை செய்தால் மடிப்பு வெடிக்கிறது, அதையே குறுக்கே வெட்டி, துண்டை மடித்தால் அழகாக வருகிறது. இது தெரியாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது அட்டை செய்து, ஐம்பதிலும் முதுகு வெடித்து, ஐம்பதின் மேலும் ரிப்பன் ஒட்டி மறைத்த அனுபவம் எனக்கு உண்டு. ரிப்பன் செலவில் லாபம் போயிற்று.

அடுத்தது, கோடு அழுத்தாமல் மடிக்கவே மடிக்காதீர்கள். மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா ஒன்றை எடுத்து, ஸ்கேலை வைத்து, மடிப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு தரம் அழுத்தி இழுங்கள். கீறக் கூடாது, பள்ளம் விழுந்தால் போதும். அப்புறம் மடித்து, கரண்டியின் முதுகால் ஒரு தேய். பள்ளத்தின் புடைப்பு உள்பக்கம் போகிற மாதிரி மடிக்க வேண்டும், அதாவது கோடு போட்ட பக்கம் அட்டைக்கு வெளிப்பக்கம். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கைக்காகிதம் என்றால் இந்தத் தொல்லை குறைவு. புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம், ஜெய்ப்பூர் பக்கத்து சாங்கானேர் காகிதம் எல்லாம் பருத்திக் கழிவைக் கூழாக்கிச் சல்லடைச் சட்டத்தில் அள்ளுவதால் நார் நாலா பக்கமும் கிடக்கும், எந்தப் பக்கம் மடித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் அதன் மேல் பேனா இழுத்தால் சிலதில் மை பரவும், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஃபெவிகால் போட்டு ஒட்டினால் பேப்பர் அப்பளம் மாதிரி எழும்பிவிடுகிறது.
– வாசகி, கோவை (இதே கேள்வி ஈரோடு, தென்காசி, இன்னும் ஐந்து ஊர்களிலிருந்து)

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. மெல்லிய தாள் அதைக் குடித்து ஊறி விரிகிறது, காயும்போது அதே அளவுக்குத் திரும்புவதில்லை. அவ்வளவுதான் விஷயம். க்ளூ ஸ்டிக் போதும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் நாலு ஓரத்திலும். வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால் மெல்லிய தாளில் தடவாமல் கனமான அட்டையில் தடவுங்கள், காலாவதியான ஏடிஎம் கார்டால் வழித்து வழித்து நிறமே தெரியாத அளவுக்கு மெல்லிசாக்கி, தாளை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, கனமான புத்தகத்துக்கு அடியில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். மைதா பசை வேண்டாம். போஸ்டருக்குச் சரி, பெட்டியில் வைக்கிற அட்டைக்குப் பூச்சியைக் கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி.

எந்த டிசைனோடு எந்த டிசைன் சேரும்? நான் மூன்று பேப்பர் சேர்த்தால் கண்ணைக் குத்துகிறது.
– வாசகி, மதுரை

மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? சுங்குடிப் புடவையைப் பாருங்கள். உடலில் பொடிப் பொடியாகப் புள்ளி, பார்டரில் பட்டையாக ஒரு நிறம். இரண்டும் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மூன்று பேப்பரும் பெரிய பூவாக இருந்திருக்கும். ஒன்று பெரிய டிசைன், ஒன்று பொடி புட்டாவோ புள்ளியோ, ஒன்று கோடோ கட்டமோ. மூன்றிலும் பொதுவாக ஒரு நிறமாவது இருக்க வேண்டும், பெரிய பூவின் காம்பில் இருக்கும் பச்சை கோட்டிலும் இருந்தால் போதும். அளவிலும் சமமாகப் பங்கு போடாதீர்கள், ஒருவர் முதலாளி, மற்ற இருவர் உதவியாள். சந்தேகம் வந்தால் ஒட்டாமல் அடுக்கி வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எல்லாம் ஒரே குழம்பாகத் தெரிந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் ஒரு தட்டில் நூறு பேருக்கு வாழ்த்து போகும் காலத்தில் இந்தக் கத்தரி வேலை எதற்கு அம்மா? நாங்கள் அந்தக் காலத்தில் பொங்கல் வாழ்த்து அனுப்பினோம், அது வேறு.
– ஓய்வு பெற்ற வாசகர், விருதுநகர்

ஐயா, பொங்கல் வந்தால் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள், எம்.ஜி.ஆரா சிவாஜியா முருகனா என்று அரை மணி நேரம் நின்று தேர்ந்தெடுப்போம், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அச்சு மை வாசனையிலேயே வளர்ந்திருப்பீர்கள். ஆனால் ஒரு விஷயம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பதே சோம்பலில் பிறந்த சாமான்தான். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்று ஆனதும், பண்டிகைக்குப் பண்டிகை வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியாமல் ஹென்றி கோல் என்பவர் 1843-இல் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, ஆயிரம் பிரதி அளவில் கிறிஸ்துமஸ் அட்டை அச்சடித்தார். மிச்சத்தை ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். குடும்பமே கோப்பை தூக்கி நிற்கும் படம் அது, குழந்தைக்கும் ஒயின் கொடுப்பதாக இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆக, நூறு பேருக்கு ஒரே வாழ்த்தை ஃபார்வர்டு செய்வதும் அவர் வழிதான், புதுசு ஒன்றும் இல்லை.

நூறு பேருக்கும் அட்டை செய்யச் சொல்லி நானும் சொல்லவில்லை. நூறு பேருக்குத் தட்டிவிடுங்கள், நாலு பேருக்கு வெட்டி ஒட்டுங்கள். அந்த நாலு பேர் யார் என்று யோசிக்கும்போதே உங்களுக்கு முகங்கள் தெரியுமே.

வீடு நிறைய பழைய கல்யாணப் பத்திரிகை. தூக்கிப் போடவும் மனசு இல்லை, வெட்டவும் பயம், பிள்ளையார் படம் இருக்கிறதே.
– வாசகி, காரைக்குடி

பிள்ளையாரை முதலில் முழுசாக வெட்டி எடுத்து ஒரு கவரில் போட்டுவிடுங்கள், அவரை எந்த அட்டையிலும் பாதியாக்க வேண்டாம். மணமக்கள் பெயர் இருக்கும் பகுதியும் வேண்டாம், ஒருவர் கல்யாணத்தை இன்னொருவர் பிறந்தநாளுக்கு அனுப்பக் கூடாது. மிச்சம் இருப்பதே ஏராளம். பத்திரிகையின் கவரில் உள்பக்கம் பாருங்கள், பலதில் உள்ளே தனி டிசைன் அச்சடித்திருப்பார்கள், யாரும் கவனிப்பதில்லை, பட்டைக்கு அதுதான் அருமை. தங்கம் பதித்த ஓரக்கொடிகளை ஒரு விரல் அகலத்துக்கு உருவி எடுத்தால் கும்பகோணத்துக்குச் சொன்ன ஜரிகை இழை ஓசியில் கிடைத்தது. தங்கத்தின் மேல் பசை ஒட்டாது, பின்பக்கம்தான் தடவ வேண்டும், நகம் பட்டாலும் உரிந்துவிடும்.

மூலையில் மஞ்சள் தடவியிருக்கும் இல்லையா, அந்த மூலையை நான் வெட்டி எறிவதில்லை. நாத்தனார் வீட்டுப் பத்திரிகையின் மஞ்சள் மூலை ஒன்றை முக்கோணமாக எடுத்து அவள் பெண்ணின் முதல் பிறந்தநாள் அட்டையில் ஒட்டினேன். அவளுக்கு மட்டும் அது என்ன என்று தெரிந்தது.

இங்கே ஜப்பானியக் கடைகளில் 15 செ.மீ. சதுர ஒரிகாமி பேப்பர் (மடித்து உருவம் செய்கிற தாள்) கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. அட்டைக்குப் பயன்படுமா?
– வாசகி, சிங்கப்பூர்

பயன்படுமாவா! அதில் சியோகாமி என்று ஒரு வகை உண்டு, பூவும் அலையும் விசிறியுமாக அச்சடித்தது, பார்த்தால் பட்டுப் பாவாடை ஞாபகம் வரும். எனக்கு வந்தது, அதனால் பாவாடையே செய்துவிட்டேன். சொல்கிறேன்.

சதுரத்தை 15க்கு 7 என்று வெட்டுங்கள். 15 செ.மீ. நீளமான ஓரம் ஒன்றில் தங்கத் தாளில் அரை செ.மீ. பார்டர் ஒட்டுங்கள், மடிப்பதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும், மடித்த பிறகு முடியாது. இப்போது குறுகலான பக்கத்திலிருந்து ஒரு செ.மீ. ஒரு செ.மீ. ஆக முன்னும் பின்னும் கொசுவம் மடிப்பது போல மடித்துக்கொண்டே போங்கள். முதல் மடிப்பு கோணினால் கடைசி மடிப்பு வரை கோணும், அதனால் முதலுக்கு மட்டும் ஸ்கேல். முழுக்க மடித்ததும் பார்டர் இல்லாத மேல்முனையைப் புடவையை இடுப்பில் செருகும் முன் பிடிப்போமே, அப்படிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, பின்னால் ஒரு துண்டு டேப். கீழ்முனையை விரலால் விரியுங்கள், விசிறி மாதிரி அகலும். அதற்கு மேல் வேறொரு பேப்பரில் மூன்று செ.மீ. அளவில் ரவிக்கை, கழுத்துக்கு ஒரு அரைவட்டம், இரண்டு குட்டிக் கை. முகம் வரையாதீர்கள், கொடியில் உலர்த்தின துணி மாதிரி பாவாடையும் சட்டையும் மட்டும் இருக்கட்டும், மேலே ஒரு நூல் கட்டி விட்டால் கொடியே ஆயிற்று. பின்னணி ஒரே நிறம். முதல் தடவை கால் மணி நேரம் ஆகும், மூன்றாவதில் ஐந்து நிமிடம்.

மொய்க் கவரும் இந்த மாதிரி செய்யலாமா?
– வாசகர், சேலம்

தாராளமாக. கடையில் வாங்கின மொய்க் கவர் ஒன்றைப் பசை விட்ட இடங்களில் மெல்லப் பிரித்து விரித்து, காலண்டர் அட்டையில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் அச்சு அதுதான். ஒரு ரூபாய் நாணயத்தை டேப்பால் ஒட்டுங்கள், பசை வேண்டாம், வாங்கினவர் செலவழிக்க வேண்டாமா. பெயர் எழுத ஒரு வெள்ளைத் துண்டு முன்பக்கம் ஒட்ட மறக்காதீர்கள். பூப் போட்ட தாளின் மேல் எழுதின பெயர் மொய் எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, 501 வைத்தும் கணக்கில் வராமல் போகும்.

தபாலில் அனுப்பினால் எடை கூடிவிடுமா? இந்த அளவுக்குக் கவர் கடையில் கிடைக்கவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

எடையை வீட்டிலேயே மனக்கணக்காகப் போடலாம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. பதினாறு ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 250 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று பதினைந்தரை கிராம் சுமார், அதில் பாதியில் செய்த அட்டை எட்டு கிராமுக்குள். கவர் ஒரு மூன்று, நான்கு கிராம். ஒட்டு வேலையையும் சேர்த்தால் பதினைந்தை ஒட்டி நிற்கும், கடிதத்துக்கு முதல் கட்டணப் படி 20 கிராம் வரை என்பதால் தாண்டாது. பட்டன், பாசி, கல் என்று ஒட்டினால் தாண்டும், அதோடு முத்திரை குத்தும்போது நொறுங்கவும் செய்யும். பாவாடை அட்டையை நேரில் கொடுங்கள்.

கவருக்கு ஒரு ஏ4 தாளை 21 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். அதை வைரம் போலத் திருப்பி வைத்து, நடுவில் அட்டையை அதன் நீளப்பக்கம் இடவலமாக வரும்படி படுக்கவையுங்கள். இடது வலது முனைகளை உள்ளே மடித்தால் நடுவில் வந்து சரியாகத் தொட்டுக்கொள்ளும். கீழ்முனையை மேலே மடித்து, பக்க மடிப்புகளோடு மட்டும் ஒட்டுங்கள், அட்டையோடு ஒட்டிவிடாதீர்கள், செய்தவர்கள் உண்டு. மேல்முனை மூடி. டிசைன் பேப்பரை உள்பக்கமாக வைத்து இதே கவரைச் செய்தால் வெளியே சாதா, திறந்தால் பூ.

எல்லாம் நன்றாக வருகிறது, கடைசியில் உள்ளே எழுதும்போதுதான் சொதப்புகிறேன். மை இழுபடுகிறது, என்ன எழுதுவது என்றும் தெரிவதில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

மை இழுபட்டால் அட்டை வழவழப்பு என்று அர்த்தம். ஜெல் பேனாவை விட்டுவிட்டு சாதா பால்பாயிண்ட் எடுங்கள். இல்லையென்றால் சாதாரண வெள்ளைத் தாளை அட்டையை விட ஒரு செ.மீ. சின்னதாக வெட்டி, அதில் எழுதிவிட்டு உள்ளே ஒட்டுங்கள். இதில் இன்னொரு வசதி, பிழை வந்தால் தாள்தான் போகும், அட்டை போகாது. நான் எப்போதும் எழுதிவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

என்ன எழுதுவது என்றால், "நலமும் வளமும் பெற்று" என்று ஆரம்பிக்காதீர்கள், அதை அவருக்கு இன்னும் ஒன்பது பேர் எழுதியிருப்பார்கள். உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள். போன மாதம் என் தோழிக்கு, "நீ கொடுத்த கறிவேப்பிலைக் கன்று இடுப்பு உயரம் வந்துவிட்டது, இலை பறிக்க எப்போது வருகிறாய்?" என்று இரண்டே வரி எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள்.